கற்ற ஆங்கிலம் கடல் கடக்குமா?

தூத்துக்குடிக் கரையிலுள்ள பெரியதாழையில் ஒரு பிள்ளை கல்லூரி முடித்து வீட்டுக்கு வந்துவிட்டால், வலை பழுது பார்த்துக்கொண்டிருக்கிற பெரியவர்கள் தலையை நிமிர்த்திக் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: “கப்பலுக்கா, வளைகுடாவுக்கா?” இந்தக் கரைக்கு வெளிநாடு புதிதல்ல. சரக்குக் கப்பலில் உலகம் சுற்றியவர்களும் வளைகுடாவில் அரபு முதலாளியின் படகில் மீன் பிடித்தவர்களும் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. இப்போது பட்டம் பெற்ற பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், வேறொன்றைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். “வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்காங்களாமே, நாமளும் போகலாமா?”

போகலாம். ஆனால் எல்லா நாட்டுக்கும் போக முடியாது. வெறும் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டும் போக முடியாது. எந்த நாடு நம்மை ஏற்கிறது, அது என்ன கேட்கிறது, எங்கே ஏமாற்று இருக்கிறது என்பதை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

பாஸ்போர்ட்டைப் பார்க்கும் நாடுகள்

முதலில் ஒரு கசப்பான உண்மை. ஆங்கிலம் கற்பிக்க ஆள் எடுக்கும்போது பல ஆசிய நாடுகள் விண்ணப்பதாரரின் ஆங்கிலத்தைப் பார்ப்பதற்கு முன் அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்க்கின்றன. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களைத் ‘தாய்மொழியாக ஆங்கிலம் பேசுவோர்’ என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

சீனாவில் இது கண்டிப்பான விதி. மொழி கற்பிக்க வருகிறவர் தன் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்பது அங்கே வேலை அனுமதியின் அடிப்படை. அதோடு, பள்ளிப் பாடங்களுக்கான தனியார் டியூஷன் தொழிலை 2021 ஜூலையில் அந்நாட்டு அரசு கடுமையாக ஒடுக்கியது. அதனால் மழலையர் பள்ளியில் வேலை, வேறு விசாவில் வந்து சேருங்கள் என்று யாராவது சீனாவுக்கு அழைத்தால் அது சட்டப்படியான அழைப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிடிபட்டால் அபராதமும் காவலும் நாடு கடத்தலும் ஆசிரியருக்குத்தான்.

தென்கொரியாவும் அந்த ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான் ‘இ-2’ என்ற ஆசிரியர் விசாவைப் பொதுவாகத் தருகிறது. ஆனால் இந்தியர்களுக்கு ஒரு தனி வழி இருக்கிறது. 2010 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியருக்கான தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள் அங்கே பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராகச் சேர விண்ணப்பிக்கலாம். பி.ஏ. ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொண்டவருக்கு இந்த வழி இல்லை. பி.எட். முடித்தவர்தான் முயன்று பார்க்க முடியும்.

ஜப்பானில் ‘ஜெட்’ என்ற அரசுத் திட்டம் 1987-லிருந்து நடக்கிறது. வெளிநாட்டுப் பட்டதாரிகளை அழைத்து அரசுப் பள்ளிகளில் ஜப்பானிய ஆசிரியருக்குத் துணையாக நிறுத்துகிறார்கள். இந்தியர்கள் டெல்லியிலுள்ள ஜப்பான் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். இடங்கள் மிகக் குறைவு, போட்டி அதிகம். ஒப்பந்தம் ஓராண்டுக்கு. பிடித்துப்போனால் நீட்டித்து, மொத்தம் 5 ஆண்டு வரை இருக்கலாம். 2025-இல் புதிய ஆசிரியருக்கான முதலாண்டுச் சம்பளத்தை 40 லட்சத்து 20 ஆயிரம் யென்னாக உயர்த்தினார்கள். வரியும் காப்பீடும் போகத்தான் மீதி கைக்கு வரும்.

ஜெட் அல்லாமல் தனியார் நிறுவனம் வழியாக ஜப்பானியப் பள்ளிக்குப் போகிறவர்களைத் தடுக்கும் விதி ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் துணை ஆசிரியராக ஒரு மொழியைக் கற்பிக்க வருகிறவர், அந்த மொழியின் வழியாகவே 12 ஆண்டுகள் கல்வி பெற்றிருக்க வேண்டும். தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் மட்டும் ஆங்கிலவழியில் படித்தவருக்கு இந்தக் கணக்கு நிறைவது கடினம். ஆங்கிலவழியில் படித்தவர்களும் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிற்றுமொழிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

தாய்லாந்தும் வியட்நாமும் இவ்வளவு இறுக்கமில்லை. பட்டம், கற்பித்தல் சான்றிதழ், காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை ஆகியவை இருந்தால் இந்தியரும் சட்டப்படி வேலை அனுமதி பெறலாம். தாய்லாந்துப் பள்ளிகள் அந்த ஏழு நாடுகளைச் சேராதவர்களிடம் டோயிக் அல்லது ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்கும். டோயிக்கில் 600 என்பது வழக்கமாகக் கேட்கப்படும் அளவு. ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக விலக்கோ வேண்டும். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இவ்விரு நாடுகளிலும் ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், நமக்கு ஒரு சம்பளம் என்று பேசும் இடங்கள் உண்டு. அது நியாயமல்ல. தெரியாமல் போய் அங்கே மனம் உடைவதைவிடத் தெரிந்துகொண்டு பேரம் பேசுவது மேல்.

நம் கரைக்கு அருகே ஒரு நாடு

இவற்றையெல்லாம்விடத் தூத்துக்குடிக்கு நெருக்கமான நாடு ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது மாலத்தீவு.

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மாலே கடல்வழியில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். நம் தோணிகள் தலைமுறை தலைமுறையாக வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிப் போன வழி அது. 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி, மாலே துறைமுகங்களை இணைத்து நேரடிச் சரக்குக் கப்பல் சேவையும் தொடங்கியது. பொருள் போன அதே வழியில் ஆசிரியர்களும் போனார்கள்.

காரணம் எளிது. 1960-களின் தொடக்கத்தில் மாலேயின் மஜீதியா, அமீனியா பள்ளிகள் ஆங்கிலவழிக்கு மாறின. கற்பிக்க உள்ளூரில் ஆள் போதவில்லை. முதலில் இலங்கையிலிருந்தும், பிறகு பெரும் எண்ணிக்கையில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆசிரியர்களை வரவழைத்தார்கள். இன்று அந்நாட்டு ஆசிரியர்களிலும் மருத்துவர்களிலும் ஏறக்குறைய கால் பங்கினர் இந்தியர்கள் என்று மாலேயிலுள்ள இந்தியத் தூதரகம் சொல்கிறது. இங்கே பாஸ்போர்ட்டின் நிறம் தடையில்லை. பட்டத்தோடு பி.எட். இருக்கிறதா, வகுப்பை நடத்தத் தெரிகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். மாணவர்கள் பன்னாட்டுப் பொதுத்தேர்வு எழுதுவதால் இலக்கணத்தையும் கட்டுரையையும் பொறுமையாகச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு அங்கே மதிப்பு உண்டு.

அந்த வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். வேலை பெரும்பாலும் மாலே நகரில் இருக்காது. சில நூறு பேர் வாழும் சிறு தீவாக இருக்கலாம். சுற்றிலும் கடல், அடுத்த தீவுக்குப் படகு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடலைக் கண்டு பயமில்லை. தனிமைதான் சோதிக்கும். வாரம் ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளி, வெள்ளியும் சனியும் விடுமுறை. இஸ்லாம் அரசு மதம். பிற மதத்தவர் பொது இடத்தில் வழிபடச் சட்டம் இடம் தராது, தேவாலயம் கிடையாது. ஞாயிறு திருப்பலிக்கு மணி அடித்தால் ஊரே திரளும் பெரியதாழையில் வளர்ந்தவருக்கு இது சிறிய மாற்றமல்ல. சிலைகளையோ மதப் பிரசார நூல்களையோ கொண்டுபோகக் கூடாது. இன்னொன்று பணம். சம்பளம் ருஃபியாவில் வந்தால் அதை டாலராக்கி வீட்டுக்கு அனுப்புவதில் வங்கி வரம்புகள் குறுக்கிடும். சேரும் முன்பே, அங்கே இருப்பவர்களிடம் மாதம் எவ்வளவு அனுப்ப முடிகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கற்றவர் அறிந்த வலி

பல பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவது ஒரு கூச்சம். “நம்ம இங்கிலீஷ் அவ்வளவு நல்லா இருக்காது” என்பார்கள். இந்தக் கூச்சத்தை இந்தக் கரையின் வரலாறே கேள்வி கேட்கிறது.

1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் கொஞ்சம் அறிந்தவர்களை உட்கார வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லித்தந்தார். அவருக்குப் பின் புன்னைக்காயலில் இருந்த அண்டிரிக் அடிகளார் அதோடு நிற்கவில்லை. தமிழைப் படித்து, இலக்கணம் எழுதி, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். பிறகு 1841-இல் இடையன்குடிக்கு வந்து அங்கேயே ஐம்பது ஆண்டுக்குக் கிட்ட வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதினார். இவர்கள் யாருக்கும் தமிழ் தாய்மொழியல்ல. பிற்காலத்தில் கற்றதால்தான் தமிழின் அமைப்பை விளக்கிச் சொல்ல அவர்களால் முடிந்தது.

ஆங்கிலத்துக்கும் அதே நியாயம் பொருந்தும். பிறந்ததிலிருந்து ஒரு மொழியைப் பேசுகிறவருக்கு அதில் எந்த இடம் கடினம் என்று தெரியாது. கற்றவருக்குத் தெரியும். ஓர் உதாரணம்: ‘பஸ்’ என்ற சொல். ‘ஸ்’ ஒலியில் முடிவது நம் நாக்குக்கு ஒவ்வாததால் ‘பஸ்ஸு’ என்கிறோம். ஜப்பானியர் ‘பாசு’ என்கிறார், கொரியர் ‘பொசு’ என்கிறார். மூவரும் ஒரே இடத்தில் தடுக்கி, ஒரே கைத்தடியை ஊன்றுகிறோம். தாய்லாந்துக்காரர் வேறு வழியில் போய் ‘பட்’ என்கிறார். நம் பேச்சை நாமே கவனித்துத் திருத்திக்கொண்ட அனுபவம் இருந்தால் அந்த நாட்டுப் பிள்ளையின் நாக்கு எங்கே சிக்குகிறது என்பது சட்டென்று புரியும்.

வாக்கிய அமைப்பும் அப்படித்தான். தமிழில் ‘நான் மீன் வாங்கினேன்’ என்று வினை கடைசியில் வரும். ஜப்பான் மொழியிலும் கொரிய மொழியிலும் அதே வரிசைதான். அங்கே ஒரு மாணவன் ‘ஐ ஃபிஷ் பாட்’ என்று எழுதினால் லண்டன்காரருக்கு அது வெறும் தவறு. உங்களுக்கோ அது ஐந்தாம் வகுப்பில் நீங்களே எழுதிய வாக்கியம். அதிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பதை நினைவுபடுத்திக்கொண்டால் பாடம் தயார்.

இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துப் பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா என்ற தமிழ் அறிஞர், தாய்மொழியாகப் பேசுவோர்தான் சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கையைத் தம் நூல்களில் வலுவாக மறுத்திருக்கிறார். இந்தத் துறையின் முதன்மையான ஆய்விதழ் ஒன்றுக்கு ஆசிரியராகவும் இருந்தார். அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட பிறகும் விசா விதிகள் மாறாமல் பின்தங்கி நிற்கின்றன. குறை உங்கள் ஆங்கிலத்தில் இல்லை.

என்ன படிப்பது, எங்கே பழகுவது

அதற்காக இருக்கிற ஆங்கிலமே போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஃப, ஸ போன்ற ஒலிகள், p-யும் b-யும் போலத் தமிழ் எழுத்தில் பிரியாத இணைகள், சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பவற்றைக் காது கொடுத்துப் பழக வேண்டும். மாணவர் கேட்டு நகல் எடுப்பது உங்கள் வாயைத்தான்.

தகுதியைப் பொறுத்தவரை, என்னைக் கேட்டால் பி.எட்.தான் நம்மவருக்கு உறுதியான முதலீடு. இரண்டு ஆண்டுப் படிப்பு. மாலத்தீவுக்கும் கொரியாவுக்கும் அது கைகொடுக்கும், திரும்பி வந்தால் இங்கேயும் வேலைக்கு ஆகும். தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் நல்ல கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஹைதராபாத்தில் 1958-இல் தொடங்கப்பட்ட, இன்று ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக இருக்கும் நிறுவனம், ஆங்கிலம் கற்பித்தலுக்கென்றே முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது.

குறுகிய காலச் சான்றிதழ்களில் கேம்பிரிட்ஜின் ‘செல்டா’ உலகெங்கும் மதிக்கப்படுவது. சுமார் 120 மணி நேரப் பயிற்சி. அதில் உண்மையான மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து மதிப்பிடுவார். கட்டணம் அதிகம். இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ‘120 மணி நேர’ சான்றிதழ்களில் இந்த வகுப்பறைப் பகுதி பெரும்பாலும் இருக்காது. சில நாடுகளில் விசாவுக்கு அவை போதும். வகுப்பில் நின்றதும் அவை கைவிட்டுவிடும்.

வகுப்பறைப் பழக்கத்தை ஊரிலேயே தொடங்கலாம். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலராக மாலைநேர வகுப்பு எடுத்தவர்களுக்கு ஒரு திண்ணையில் இருபது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது என்னவென்று தெரியும். கோயில் வளாகத்திலோ பள்ளி முடிந்த பிறகோ ஆறு மாதம் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். அது பிடிக்கவில்லை என்றால் ஒசாகாவிலும் பிடிக்காது.

காகித வேலை

பட்டச் சான்றிதழ், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோல இருக்க வேண்டும். நம் கரையில் இது பெரிய தொல்லை. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று. பர்னாந்து என்ற குடும்பப்பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். ஒன்றில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். கல்லூரியில் இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிடுங்கள். தற்காலிகச் சான்றிதழைப் பல நாடுகள் ஏற்காது. பட்டமளிப்புச் சான்றிதழுக்கு உடனே விண்ணப்பியுங்கள்.

அடுத்தது அப்போஸ்டில். ஒரு நாட்டின் சான்றிதழ் உண்மையானது என்று இன்னொரு நாடு நம்புவதற்காக வெளியுறவுத் துறை ஒட்டித்தரும் முத்திரை இது. இந்த முத்திரையை ஏற்கும் பன்னாட்டு உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005-இல் நடைமுறைக்கு வந்தது. பட்டத்துக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவுத் துறையின் முத்திரை. உடன்படிக்கையில் இல்லாத நாடு என்றால் அதன் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். காவல்துறை நற்சான்றைப் பாஸ்போர்ட் சேவை மையம் வழியாகப் பெறலாம். நமக்குத் திருநெல்வேலி மையம் பக்கம். எல்லாம் முடிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாரை நம்புவது

பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இந்தியாவிலிருந்து வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. வசதிதான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். உங்கள் ஒப்பந்தத்தை அரசு அதிகாரி ஒருவரும் படித்துப் பார்ப்பதில்லை. படிக்க வேண்டியவர் நீங்கள் மட்டுமே.

ஆங்கிலம் தெரிந்த பட்டதாரிகளைக் குறிவைத்தே ஒரு கொடிய வலை விரிக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்தில் வேலை என்று பாங்காக்குக்கு அழைத்து, அங்கிருந்து எல்லை கடத்தி மியான்மரின் மியாவாடியில் இணையமோசடிக் கூடங்களில் அடைத்த கதைகள் 2022-இல் வெளிவந்தன. மீட்கப்பட்டவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதை. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் மியான்மர்க் கூடங்களிலிருந்து மீண்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை இரண்டு நாளில் அழைத்துவந்தன. வேலையின் பெயர் விற்பனை, தட்டச்சு, மொழிபெயர்ப்பு, ஆங்கில ஆசிரியர் என எப்படியும் இருக்கலாம். வலை ஒன்றுதான்.

அதனால் புறப்படும் முன் இவற்றை உறுதிசெய்யுங்கள்.

முதலாவது, பள்ளியின் பெயர். ‘அங்கே போனதும் பள்ளி ஒதுக்குவோம்’ என்பது பதிலல்ல. பள்ளியின் முகவரியைத் தேடிப் பார்த்து, அதன் அலுவலகத்துக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவது, விசா. ‘இப்போது சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் கற்பிப்பது குற்றம். அதன்பின் சம்பளம் தராவிட்டாலும் காவல் நிலையத்துக்குப் போக முடியாது.

மூன்றாவது, ஏஜென்ட். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும்தான், ரசீதோடு. மூன்று லட்சம், நான்கு லட்சம் என்று கேட்கிறவர் சொந்தக்காரரின் நண்பராகவே இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அம்மாவின் தாலிச் சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்பித் தொடங்குகிற வேலை எதுவும் நல்ல வேலையல்ல.

நான்காவது, அரசு. தமிழக அரசுக்குச் சொந்தமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அயலகத் தமிழர் நலனுக்கென்று தனி ஆணையரகமும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் சந்தேகம் வந்தால் போகும் முன்பே அவர்களிடம் கேளுங்கள். சிக்கியபின் கேட்பதைவிட அது எளிது.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது வாரத்துக்கு எத்தனை வகுப்பு, தங்குமிடம் யார் பொறுப்பு, மருத்துவக் காப்பீடு உண்டா, விமானச் செலவு யாருடையது, பாதியில் திரும்பினால் என்ன பிடிப்பார்கள் என்று பாருங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்கச் சம்மதிக்காதீர்கள். பெண்பிள்ளையை அனுப்பும் வீட்டார், தங்குமிடத்தில் உடன் இருக்கப்போவது யார் என்பதையும், அதே பள்ளியில் ஏற்கெனவே வேலை செய்யும் இந்திய ஆசிரியை ஒருவரோடு பேச முடியுமா என்பதையும் கேளுங்கள். உண்மையான பள்ளி இதற்கு முகம் சுளிக்காது.

கணக்கும் காலமும்

யென்னையோ பாத்தையோ ரூபாயாக மாற்றிப் பார்த்து மயங்காதீர்கள். வாடகை, சாப்பாடு, பயணம் எல்லாம் அந்த ஊர் விலைதான். முதல் மாதச் சம்பளம் வரும்வரை கையிருப்பு வேண்டும். ஓராண்டு அனுபவத்தை முதல் லாபமாகவும் மிச்சம் பிடிப்பதை இரண்டாவது லாபமாகவும் எண்ணிப் போகிறவர்கள் ஏமாறுவதில்லை.

நம் ஊரில் கடலுக்குப் போகிறவர் காற்றையும் நீரோட்டத்தையும் பார்க்காமல் படகைத் தள்ளுவதில்லை. வானம் சரியில்லை என்றால் கரையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்ப்பார். அதை யாரும் கோழைத்தனம் என்று சொன்னதில்லை. இந்த ஆண்டு தகுதி நிறையாதவர் பி.எட். சேரலாம், சான்றிதழில் பெயரைத் திருத்தலாம், மாலையில் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எதுவும் வீணாகாது. அந்தப் பத்துப் பேரில் ஒன்று ‘ஐ ஃபிஷ் பாட்’ என்று எழுதும். அதைத் திருத்துகிற அன்றே உங்கள் ஆசிரியர் வேலை தொடங்கிவிடுகிறது.